மாட்டுக்குப் போட்ட ஊசியும் மாமியாருக்குப் போட்ட ஊசியும்

ஈரோடு மாவட்டத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனப் பகுதியில், நான்கு கறவை மாடுகளை வைத்துப் பதினெட்டு ஆண்டுகளாகப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. காலையும் மாலையும் கறக்கும் பாலில் ஆறு வீடுகளுக்கு வாடிக்கையாக ஊற்றியது போக, மீதி முழுவதும் ஊர்ப் பால் சங்கத்துக்குப் போகும். இத்தனை ஆண்டுகளில் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலந்ததில்லை என்பதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். தண்ணீரைவிடத் தீங்கான ஒன்றை, தெரியாமலேயே, பல தடவை கலந்து ஊற்றியிருக்கிறேன் என்பது 2023ஆம் ஆண்டில்தான் எனக்குப் புரிந்தது. மாடு வைத்திருப்பவர்களுக்கும், பாலும் கறியும் வாங்கிச் சமைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் கட்டுத்தரை ஒரு வாரமாகக் காயவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சிவலைப் பசுவின் மடியில் கை வைத்தபோது வலப்பக்கப் பின்மடி கல்லைப்போல இறுகியிருந்தது. தொட்ட கை சுட்டது. மாடு காலை உதறியது. முதல் பீய்ச்சில் மஞ்சள் நிறத் தண்ணீரும், அதில் தயிர்த் திப்பியைப் போன்ற திரிகளும் வந்தன. மடிநோய் என்று எங்களுக்கே தெரிந்தது. கால்நடை டாக்டரைக் கூப்பிட்டால் திங்கள்கிழமை வரை காத்திருக்க வேண்டும் என்று நினைத்து, பக்கத்து ஊரில் மாடுகளுக்கு ஊசி போடும் ஒருவரை வரவழைத்தோம். அவர் முறையாகப் படித்தவர் அல்லர்; ஆனால் அழைத்தால் அரை மணி நேரத்தில் வந்துவிடுவார். செஃப்ட்ரையாக்சோன் என்று எழுதியிருந்த 3 கிராம் குப்பியில் தண்ணீரை ஏற்றிக் குலுக்கிக் கரைத்து மாட்டுக்கு ஊசி போட்டார். காம்புக்குள் ஏற்றும் டியூப் மருந்தையும் கொடுத்தார். ஐந்து நாளைக்குப் போட வேண்டும் என்றார்.

மூன்றாம் நாளே பால் வெள்ளையாக வந்துவிட்டது, வீக்கமும் வடிந்தது. ஊசி ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து நாங்களே நிறுத்திவிட்டோம். அது முதல் தவறு. நோய் கண்ட காம்பின் பாலை மட்டும் தனியே பீய்ச்சிக் கன்றுக்கு ஊற்றிவிட்டு, மற்ற மூன்று காம்புகளின் பாலை முதல் நாளிலிருந்தே கேனில் ஊற்றினோம். அது இரண்டாவது, மூன்றாவது தவறுகள். ஊசி வழியாகப் போகும் மருந்து இரத்தத்தில் கலந்து மடியின் நான்கு பாகங்களுக்கும் போகும் என்பதும், நல்ல காம்பின் பாலிலும் மருந்து இறங்கும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

நான்காம் நாள், எங்களிடம் தினமும் ஒன்றரை லிட்டர் வாங்கும் எதிர்வீட்டுப் பெண் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தாள். "அக்கா, ரெண்டு நாளா தயிர் உறையவே மாட்டேங்குது, பாருங்க" என்று காட்டினாள். பால் பாலாகவே கிடந்தது. மேலே மட்டும் ஏடு மிதந்தது. மழைக்குளிர் என்று சொல்லி, வெதுவெதுப்பாக உறை ஊற்றச் சொல்லி, இரண்டு மிளகாய்க் காம்பும் போட்டு வைக்கச் சொன்னேன். வேறு வீட்டில் உறைமோர் வாங்கி ஊற்றியும் அடுத்த நாளும் உறையவில்லை. அதே நாட்களில், எங்கள் வீட்டில் வேறொரு மாட்டின் பாலில் போட்ட தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தும் நான் யோசிக்கவில்லை. தயிரை உறைய வைப்பது பாக்டீரியா; மடிநோயை உண்டாக்குவதும் பாக்டீரியா; ஒன்றைக் கொல்லப் போட்ட மருந்து மற்றொன்றையும் கொல்லும் என்ற எளிய உண்மையை அந்தச் சட்டி என் கண்முன் வைத்திருந்தது.

அடுத்த மாசி மாதத்தில் என் மாமியாருக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் தொடங்கியது. அவருக்கு வயது அறுபத்தெட்டு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை இப்படி வந்து, மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையில் சரியாகியிருந்தது. இந்தத் தடவையும் மூன்று நாள் அதையே விழுங்கினார். நான்காம் நாள் இரவு குளிர் தூக்கிப் போட்டது. மூன்று கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. நகரத்து மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீரகம் வரை தொற்று ஏறியிருக்கிறது என்று சொல்லி, கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீரை அனுப்பிவிட்டு ஊசி ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டு நாள் போட்டும் காய்ச்சல் 102க்குக் கீழே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. அந்தத் தாளை நான்தான் வாங்கினேன். மேலே ஈ.கோலை என்ற கிருமியின் பெயர். அதன் கீழே வரிசையாக மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ‘ஆர்’ அல்லது ‘எஸ்’ என்ற ஓர் எழுத்து. ‘எஸ்’ என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும். ‘ஆர்’ என்றால் கட்டுப்படாது என்று செவிலியர் சொன்னார். அமாக்சிசிலின் ஆர், சிப்ரோஃப்ளாக்சசின் ஆர், செஃபிக்சிம் ஆர். அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது. செஃப்ட்ரையாக்சோன், ஆர். அந்தப் பெயரை நான் முன்பே படித்திருந்தேன். எங்கள் கட்டுத்தரையின் மாடக்குழியில், சிவலைக்குப் போட்ட காலிக் குப்பி அன்றும் கிடந்தது. இரண்டு நாளாக மாமியாருக்கு ஏற்றிய ஊசியும் அதே மருந்துதான்.

டாக்டரிடம் மறைக்காமல் கேட்டேன். "எங்க மாட்டுக்கு இந்த மருந்தைத்தாங்க போட்டோம். அதனால வந்திருக்குமா?" அவர் தாளைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "ஆமான்னும் சொல்ல முடியாதும்மா, இல்லைன்னும் சொல்ல முடியாது. இவங்க தானா வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையே ஒரு காரணமா இருக்கலாம். ஆனா நீங்க கேட்டது சரியான கேள்வி." கிருமி எந்த வழியாக வந்தது என்று இந்த நிமிடம் வரை எங்களுக்குத் தெரியாது. மனிதர்களின் நோய்க்கிருமிகளில் காணும் எதிர்ப்பின் பெரும்பங்கு மனிதர்களே மருந்தைக் கண்டபடி பயன்படுத்துவதால் வருவது. அந்தக் குற்றமும் எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. மருந்தை மெரோபெனம் என்ற ஊசிக்கு மாற்றி, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வீதம் ஏழு நாட்கள் போட்டார்கள். மாமியார் பிழைத்து வந்தார். இதற்கும் கட்டுப்படாத கிருமிகள் ஏற்கனவே இருக்கின்றன என்பதையும் டாக்டர் சொன்னார். 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் என்று பின்னர் படித்தபோது, அந்த மூன்றாம் நாள் இரவுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் போய்ப் பார்த்தது எங்கள் பகுதிக் கால்நடை டாக்டரை. அவரிடமும், பிறகு தேடிப் படித்ததிலும் நான் தெளிந்துகொண்ட முதல் சங்கதி, பலரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இரண்டு வேறு ஆபத்துகளைப் பற்றியது. பாலிலோ கறியிலோ தங்கிவிடும் மருந்தின் மிச்சம் ஒன்று. அந்த மருந்துக்குக் கட்டுப்படாத உயிருள்ள கிருமி மற்றொன்று. பாலைப் பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துப்போகும். மருந்துக்கு அடங்காத கிருமியும் தீக்கு அடங்கும், மற்றக் கிருமிகளைவிட அதற்குச் சூட்டைத் தாங்கும் வலிமை ஏதும் கூடுதலாகக் கிடையாது. ஆனால் பாலில் கரைந்திருக்கும் மருந்தில் பெரும்பகுதி காய்ச்சிய பிறகும் அப்படியே இருக்கும். ஆகவேதான் எதிர்வீட்டுப் பெண் நன்றாகக் காய்ச்சி ஆற்றிய பாலிலும் தயிர் உறையவில்லை. கிருமியைச் சமையலறையில் தடுத்துவிடலாம். மருந்தின் மிச்சத்தைத் தடுக்கக்கூடிய இடம் கட்டுத்தரை ஒன்றுதான். அதாவது, அந்தப் பொறுப்பு வாங்குபவரிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது.

கிருமி எப்படி மருந்துக்கு அடங்காமல் போகிறது என்பதை அந்த டாக்டர் களையை வைத்துச் சொன்னார். வயலில் களைக்கொல்லியை அரைகுறையாக அடித்தால், இளகிய களை சாகும்; தாங்கும் களை மிஞ்சி, இடமும் உரமும் தனக்கே என்று பரவும். மாட்டின் மடியிலும் குடலிலும் அதுவே நடக்கிறது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபல் பரிசு உரையிலேயே, போதாத அளவில் மருந்து கொடுத்தால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார். மூன்று நாளில் நிறுத்திய எங்கள் கணக்கு எழுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே தவறென்று சொல்லப்பட்ட கணக்கு. களையைவிடக் கிருமி மோசமான ஒரு வகையில் வேறுபடுகிறது: மருந்தைத் தாங்கும் மரபணுவைத் தன் சந்ததிக்கு மட்டுமல்லாமல், பக்கத்தில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் அது கைமாற்றிவிடும். மாட்டின் குடலில் தீங்கில்லாமல் கிடக்கும் ஒரு கிருமி, மனிதனுக்கு நோய் தரும் கிருமிக்கு அதைக் கொடுத்துவிட முடியும்.

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டூவர்ட் லீவி என்ற ஆய்வாளர், ஒரு சிறு பண்ணையில் கோழிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் டெட்ராசைக்ளின் கலந்த தீவனத்தைக் கொடுத்துப் பார்த்தார். அக்கோழிகளின் குடலில் இருந்த ஈ.கோலை மிக விரைவிலேயே அந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் போயிற்று. சில மாதங்களில், மருந்தே உட்கொள்ளாத பண்ணை வீட்டு மனிதர்களின் குடலிலும் அத்தகைய கிருமிகள் பெருகியிருந்தன. அந்த ஆய்வு வெளியானது 1976ஆம் ஆண்டில். கோழிகளோடும் மாடுகளோடும் புழங்குகிறவர்கள்தாம் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை அது எனக்கு உணர்த்தியது. சாணம் அள்ளும் கை, பால் கறக்கும் கை, கன்றின் வாயில் விரல் விட்டுப் பால் குடிக்கப் பழக்கும் கை, எல்லாம் எங்களுடையவை.

கன்று என்றதும் சொல்லியாக வேண்டும். ஊசி போட்ட மாட்டின் பாலைக் கீழே ஊற்ற மனம் வராமல் கன்றுக்கு ஊட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். வீணாகாமல் ஒரு வயிறு நிறையட்டும் என்ற நல்ல எண்ணம். உண்மையில் அந்தக் கன்றுக்கு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை ஊட்டி, அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கிறோம். நாளைக்கு அதே கன்றுக்குக் கழிச்சல் கண்டால் கேட்கிற மருந்து இருக்காது.

இனிப் பணக் கணக்குக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் விவசாயியிடம் அறிவுரை மட்டும் சொல்வது நியாயம் ஆகாது. மருந்து கொடுத்த பிறகு இத்தனை நாளைக்குப் பாலை, முட்டையை, இறைச்சியை மக்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற விலக்கு நாட்களைக் கால்நடை மருந்துகளின் லேபிளிலேயே அச்சிட வேண்டும் என்று 2012ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. அந்த மருந்துக்கென ஆய்ந்து அறிந்த கணக்கு இல்லாவிட்டால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாட்கள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாட்கள். சிவலை அப்போது நாளொன்றுக்கு 12 லிட்டர் கறந்தது. ஐந்து நாள் ஊசி, அதற்குமேல் ஏழு நாள் விலக்கு என்றால் 144 லிட்டர். லிட்டருக்கு 35 ரூபாய் வீதம் 5,040 ரூபாய். அத்துடன் மருந்துச் செலவு. தீவனச் செலவு நிற்காது. ஒரு மாட்டின் மடிநோய்க்கு இவ்வளவு இழப்பு என்றால், நான்கு மாட்டுக்காரி எப்படிப் பாலைக் கீழே ஊற்றுவாள்? சங்கத்தில் கொழுப்பும் சத்தும் பார்த்து விலை போடுகிறார்கள். மருந்தின் மிச்சத்தை எங்கள் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. ஊற்றியவருக்கு நட்டமும், மறைத்தவருக்கு லாபமும் வருகிற ஏற்பாட்டில் மனச்சாட்சியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். நாடு முழுவதும் எல்லாப் பாலும் இப்படி என்று யாரும் அஞ்சத் தேவையில்லை: உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ஆம் ஆண்டில் எடுத்த 6,432 பால் மாதிரிகளில், மருந்து மிச்சம் வரம்பைத் தாண்டியவை 77தான். ஆனால் எதிர்வீட்டுச் சட்டியில் அன்று இருந்த பாலும் அப்படிப்பட்ட பால்தான்.

இந்தக் கணக்கிலிருந்து நான் கண்டுகொண்டது, மடிநோய் வந்த பிறகு நேர்மையாக இருப்பதைவிட, வராமல் காப்பது மலிவு என்பதே. நாங்கள் மாற்றிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை காசில்லாதவை. என் கணவர் கட்டைவிரலை மடக்கிக் காம்பை அதன் கணுவில் அழுத்திக் கறக்கும் பழக்கம் உடையவர். அப்படிக் கறந்தால் காம்பின் உட்புறம் நைந்து, கிருமி குடியேற இடம் கொடுக்கும். முழுக் கையால் மேலிருந்து கீழாக அழுத்திக் கறக்கப் பழக அவருக்கு ஒரு மாதம் ஆயிற்று. முதல் பீய்ச்சைத் தரையில் விடாமல், கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பார்க்கிறோம். சின்னத் திரி இருந்தாலும் கறுப்பில் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி. நோய் கண்ட மாட்டைக் கடைசியாகக் கறக்கிறோம். கறந்து முடித்ததும் ஒவ்வொரு காம்பையும் போவிடோன் அயோடின் கரைசலில் முக்கி எடுத்துவிட்டு, உடனே தீவனம் வைத்து அரை மணி நேரமாவது மாட்டைப் படுக்காமல் நிற்க வைக்கிறோம். கறந்தவுடன் காம்பின் துளை திறந்திருக்கும். அது மூடுவதற்குள் மாடு சாணத்தில் படுத்தால், கிருமி நேராக உள்ளே போகும். எத்தனை ஆண்டுகள் கறந்த உடனே படுக்க விட்டோம் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

பத்து நாளுக்கு ஒரு தடவை ஒரு சோதனையும் செய்கிறோம். துணி துவைக்கும் தூளைத் தண்ணீரில் கரைத்து, நான்கு சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, அதே அளவு சோப்புக் கரைசலை விட்டுச் சுழற்றிப் பார்ப்பது. நல்ல பால் தண்ணீராகவே சுழலும். கண்ணுக்குத் தெரியாத மடிநோய் இருக்கும் காம்பின் பால், முட்டை வெள்ளைக்கருவைப்போலக் குழகுழவென்று திரண்டு கிண்ணத்தில் ஒட்டும். நோயை எதிர்க்க மடிக்குள் குவியும் இரத்த வெள்ளணுக்கள் சோப்பில் உடைவதால் அப்படி ஆகிறது. முதல் தடவை இதைச் செய்தபோது, எந்தக் குறையும் தெரியாத கறுப்புப் பசுவின் முன் காம்பு ஒன்றில் பால் கொழகொழத்தது. அந்த நிலையிலேயே பிடித்துவிட்டால் ஊசி வரைக்கும் போக வேண்டியிருப்பதில்லை.

கறுப்பிக்கு மூலிகைதான் போட்டோம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஒழுங்குபடுத்தி, தேசியப் பால்வள வாரியமும் நாடெங்கும் பரப்பிய முறை அது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்தால் செங்காவி நிறத்தில் ஒரு விழுது வரும். அதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து, கழுவிய மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். சொல்ல எளிது, காலையில் தொடங்கி இருட்டும் வரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போவது எளிதில்லை. நானும் மாமியாரும் மாறி மாறிப் பூசினோம். கறுப்பிக்கும், பிறகு இன்னொரு மாட்டுக்கும் தொடக்க நிலையில் இது நன்றாகக் கேட்டது. ஆனால் சென்ற ஆண்டு மடி வீங்கிக் காய்ச்சலும் கண்டு, தீவனத்தைத் தொடாமல் நின்ற சிவலைக்கு இதை நம்பிக் காத்திருக்கவில்லை. அன்றே டாக்டரை அழைத்தோம். அவர் பாலைப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துக் கொடுத்தார். மாட்டின் பாலுக்கும், மனிதருக்குச் செய்ததைப் போன்ற ‘ஆர்’, ‘எஸ்’ பரிசோதனை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஐந்து நாள் மருந்தையும் முழுமையாகப் போட்டோம்.

சமையலறையில் மாறியவற்றையும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஓர் அரிவாள்மனைதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறியை அதில் அரிந்து, தண்ணீரில் ஒரு தடவை அலசிவிட்டு, அதே அரிவாள்மனையில் தயிர்ப் பச்சடிக்கு வெங்காயமும் வெள்ளரியும் அரிவேன். குழம்பு அரை மணி நேரம் கொதிக்கிறது. உள்ளே 70 டிகிரிக்கு மேல் வெந்த கறியில் ஈ.கோலையோ சால்மொனெல்லாவோ மிஞ்சாது. எனவே நம் வீட்டுக் குழம்பைக் கண்டு பயப்படக் காரணமில்லை. வேகாத பச்சடிதான் கேடு. பச்சைக்கறியின் நீர் அரிவாள்மனையிலிருந்து வெங்காயத்துக்கும், கையிலிருந்து உப்பு டப்பாவுக்கும், கறிப்பையிலிருந்து கீரைக்கும் போகிறது. இப்போது கறிக்குத் தனிக் கத்தியும் பலகையும். பச்சைக்காய் வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் கறியைப் பிரிப்பேன். கோழியைக் குழாயின் கீழே காட்டிக் கழுவுவதையும் விட்டேன். தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர் வரை போகிறது. அகலமான சட்டியில் தண்ணீர் பிடித்து மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரை ஓரமாக ஊற்றி, சட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைத்ததும் தவறு. அது தூங்கும், அவ்வளவுதான். கறந்த சூட்டோடு பச்சைப்பாலைப் பேரனுக்குக் கொடுக்கும் வழக்கத்தை மாமியாரே நிறுத்திவிட்டார். மஞ்சள்கரு வேகாத ஆஃப்பாயிலும் எங்கள் வீட்டில் இப்போது இல்லை.

பல்லடம் பக்கத்தில் என் தம்பி ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கிறான். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தார் தருவார்கள். கொட்டகையும் உழைப்பும் இவனுடையவை. மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன். "அதையெல்லாம் யாருக்கா கேக்கறாங்க" என்றான். மனிதர்களுக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற மருந்து, பண்ணைகளில் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்க்கப்பட்டுவந்தது. அதற்கு அடங்காமல் போகச் செய்யும் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவைச் சீனாவில் பன்றிகளிலும் கோழி, பன்றி இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டதாக 2015ஆம் ஆண்டு நவம்பரில் செய்தி வெளிவந்தது. 2019ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய அரசு உணவுக்கான விலங்குகளில் கோலிஸ்டினைத் தடை செய்தது. அந்தத் தடையையே தம்பி நான் சொல்லித்தான் அறிந்தான். கோழிகளுக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின், மாமியார் விழுங்கிய சிப்ரோஃப்ளாக்சசினின் உடன்பிறப்பு என்பதும், உடலுக்குள் அதன் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறும் என்பதும் அவனுக்குத் தெரியாது. இப்போது எந்த மருந்தை என்றைக்குத் தண்ணீரில் கலந்தான் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். கோழி எடுக்க வருபவரிடம் அதைக் காட்டுகிறான்.

மருந்துக்கடை விஷயத்தில் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான். மருந்துப் பட்டையின் முதுகில் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்குவதில்லை. மாட்டுக்கானாலும் மனிதருக்கானாலும் அப்படித்தான்.

எங்கள் கட்டுத்தரைச் சுவரில் இப்போது ஒரு கரும்பலகை தொங்குகிறது. ஊசி போட்ட மாட்டின் பெயர், மருந்தின் பெயர், கடைசி ஊசியின் தேதி, பால் ஊற்றக்கூடிய தேதி என நான்கு பத்திகள். மாட்டின் காலில் சிவப்புத் துணி ஒன்றும் கட்டுவோம், அவசரத்தில் வேறு யாராவது கறந்தாலும் கேனில் கலந்துவிடாமல் இருக்க. சென்ற ஆண்டு சிவலையின் பாலைப் பன்னிரண்டு நாளும் தென்னந்தோப்புக்கு அப்பால் குழி வெட்டி ஊற்றினோம். முதல் நாள் ஊற்றும்போது மாமியார் வந்து பக்கத்தில் நின்றார். "பாலைக் கொட்டறது பாவம்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றார். பிறகு வாளியை என் கையிலிருந்து வாங்கி அவரே ஊற்றினார்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் மட்டும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ஒரு வாரம் எங்களிடம் பால் வாங்கவில்லை, பிறகு வந்தாள். இப்போது காலையில் செம்பை நீட்டும்போதே கரும்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுகிறாள். பால் சங்கத்தின் சென்ற கூட்டத்தில், கேன் வரும்போதே சில நிமிடங்களில் மருந்து மிச்சத்தைக் காட்டும் பட்டைச் சோதனையை வாரத்துக்கு ஒரு நாளாவது செய்ய வேண்டும் என்றும், விலக்கு நாட்களில் பாலை நிறுத்தி வைத்து உண்மையைச் சொல்கிற உறுப்பினருக்குச் சங்கத்தின் லாபத்திலிருந்து பாதி விலையாவது தர வேண்டும் என்றும் பதினொரு பேர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம். செலவு அதிகம் என்று சிலர் எதிர்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். கூட்டம் பங்குனியில். என் மாமியாரின் அந்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் போகலாம் என்று இருக்கிறேன். அவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.